பூனை வளர்க்கலாம், கிளி வளர்க்கக்கூடாது: ஏன் இப்படி?

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது கடலூரில் ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி நல்ல சீட்டாகத்தான் எடுத்துக் கொடுத்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வனத்துறையும் பார்த்துவிட்டது. ஜோசியரை விசாரணைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன் சென்னையில் ஒரு நடிகர் வீட்டிலிருந்த இரண்டு கிளிகளையும் வனத்துறை எடுத்துச் சென்றது. அவர் அபராதம் கட்டினார். அதே 2023-இல் உத்தரப் பிரதேசத்தில், அடிபட்டுக் கிடந்த சாரஸ் கொக்கைக் காப்பாற்றி வளர்த்த விவசாயிக்கு நோட்டீஸ் போனது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். எதிர்வீட்டில் ஏழு பூனை இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த கிளியை மட்டும் ஏன் பிடுங்குகிறார்கள்?

பதில் சட்டப் புத்தகத்தில் தொடங்கவில்லை. பூனையின் உடம்பிலும் குணத்திலும் தொடங்குகிறது. பூனையோடு வாழ்கிறவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கிறுக்குத்தனங்களுக்கும் அங்கேதான் வேர்.

பழகியது வேறு, வளர்ப்பினம் வேறு

பழகிய விலங்கு என்றால், ஒரு தனி விலங்கு மனிதரைப் பார்த்து மிரளாமல் இருக்கக் கற்றுக்கொண்டது என்று பொருள். அந்தப் பழக்கம் அதோடு முடிந்துவிடும். அதன் குட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளர்ப்பினம் என்றால், பல தலைமுறைகளாக மனிதரோடு இருந்து, இனமே மாறிப்போனது. பயம் குறைந்த குணம் பிறப்பிலேயே வருகிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே பார்க்க ஒரு சோதனை நடந்தது. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959-இல் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளை எடுத்துக்கொண்டார். மனிதரைக் கண்டு குறைவாகப் பயப்படும் நரிகளை மட்டும் பொறுக்கி இணை சேர்த்தார். பார்த்தது அந்த ஒரே குணத்தைத்தான். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு கையை நக்கும் நரிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காது தொங்கியது, உடம்பில் வெள்ளைத் திட்டு வந்தது. அந்த நரிகளின் முன்னோர் கனடாப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறை வளர்ந்தவை என்று பின்னாளில் ஒரு மறுப்பு எழுந்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதுவும் இதே கணக்கைத்தான் சொல்கிறது: ஒரு தலைமுறையில் நடக்கிற காரியம் இல்லை இது.

இப்போது யானையை நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் படையிலும் கோயிலிலும் மனிதரோடு இருக்கிறது. ஆனால் நாயையும் மாட்டையும் போல, குணம் பார்த்துப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக யாரும் அதை இனவிருத்தி செய்ததில்லை. காட்டில் பிடித்தோம், பழக்கினோம், அவ்வளவே. அதனால் இன்றும் யானை பழகிய விலங்குதான், வளர்ப்பினம் இல்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தன் பாகனையும் அவர் உறவினரையும் கொன்றபோது, "இத்தனை வருஷம் பழகிய யானை" என்று எல்லோரும் அதிர்ந்தார்கள். பழகிய என்ற சொல் எவ்வளவு தாங்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கிளியும் யானையின் பக்கம்தான். சந்தைக்கு வரும் பச்சைக்கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து குஞ்சிலேயே எடுக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று கூப்பிடும் சின்னக் கிளிகளின் கதை வேறு. அவை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கூண்டிலேயே பிறந்து வளர்ந்து வருபவை. காட்டில் பச்சையாக இருக்கும் அந்தப் பறவை, கடையில் நீலம், மஞ்சள், வெள்ளை என்று கிடைப்பதே அதற்குச் சாட்சி.

பூனை எங்கே நிற்கிறது?

சரியாக வாசற்படியில்.

வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் ஒரு காட்டுப்பூனை. மனிதர்கள் தானியம் விளைவித்துக் குதிரில் சேர்த்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் போய்ப் பிடித்து வரவில்லை. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய குழியில் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள். அந்தத் தீவில் இயல்பாகப் பூனையே கிடையாது. ஆக, யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நாயை வேட்டைக்கும் காவலுக்கும் ஆட்டு மந்தைக்கும் என்று பொறுக்கி வளர்த்தோம். பூனையிடம் கேட்டது எலி பிடிப்பதை மட்டும். அதை அது முன்பே செய்துகொண்டிருந்தது! மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்றும் தெருப்பூனைகள் தங்கள் இணையைத் தாங்களேதான் தேர்ந்தெடுக்கின்றன. பூனை இனங்கள் என்று இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை கடந்த 150 ஆண்டுகளுக்குள் உருவானவை, அதுவும் தோற்றத்துக்காக.

பழந்தமிழில் காட்டில் திரிவதற்கு வெருகு, வீட்டில் இருப்பதற்குப் பூசை என்று இரண்டு பெயர் புழங்கின. பெயர்தான் இரண்டு. உடம்பைப் பொறுத்தவரை பூசைக்குள் பாதிக்கு மேல் வெருகு இருக்கிறது.

அந்தக் கிறுக்குத்தனங்களின் காரணங்கள்

பூனை செய்யும் விசித்திரங்களில் பலவற்றை, தனியாக வேட்டையாடும் ஒரு பாலைநில விலங்கு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பிடித்துவிடலாம்.

1. மியாவ். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். மனிதரோடு வாழும் பூனை வளர்ந்த பிறகும் அதை விடுவதில்லை, ஏனென்றால் நம்மிடம் அது வேலை செய்கிறது. 2009-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் கண்டது. பசிக்கும்போது சில பூனைகள் போடும் குர்குர் சத்தத்துக்குள் ஓர் அழுகுரல் ஒளிந்திருக்கிறது, கிட்டத்தட்டக் கைக்குழந்தை அழுகையின் சுருதியில். காலை ஐந்து மணிக்கு நீங்கள் திட்டிக்கொண்டே எழுந்து போவது சும்மா இல்லை.

2. விடியற்காலை ஓட்டம். எலியும் சிறு பறவையும் நடமாடும் அந்தியும் விடியலும்தான் பூனைக்கு வேலைநேரம். பகலெல்லாம் தூங்கிவிட்டு, நான்கு மணிக்குச் சோபாவிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து உங்கள் வயிற்றுக்கும் பாய்வது வேட்டைக்கான தயாரிப்பு. வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் வரிசை.

3. தயிர்சாதம். நம் வீடுகளில் பூனைக்கு வைப்பது பெரும்பாலும் இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பூனை முழு அசைவம். நாய் ஓரளவு எதையும் தின்று சமாளிக்கும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. மனித உடல் அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடல் தேவைக்குப் போதுமான அளவு செய்யாது. டாரின் குறைந்தால் பார்வை கெடும், இதயத் தசை தளரும். இதயக் கோளாறுக்கு இதுதான் காரணம் என்று 1987-இல் உறுதியான பிறகுதான் பூனைத்தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. இனிப்பைப் பொறுத்தவரை, அதை உணரும் மரபணு பூனைக்குச் செயலிழந்து கிடக்கிறது, 2005-இல் கண்டுபிடித்தார்கள். பாயசத்தை அது நக்கினால் கொழுப்புக்காக, சர்க்கரைக்காக இல்லை. பாலும் அப்படித்தான்: குட்டிப் பருவம் தாண்டிய பல பூனைகளுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். சோறு மட்டும் தின்று கொழுகொழுவென்று இருக்கும் பூனைகள், சொல்லாமல் கொள்ளாமல் வெளியே எலியும் பல்லியும் பிடித்துக் கணக்கைச் சரிசெய்கின்றன. வெளியே போகாத ஃபிளாட் பூனைக்கு அந்த வழியும் இல்லை.

4. தண்ணீர் குடிக்காமை. பாலைநில முன்னோர் இரையின் உடம்பிலிருந்தே பெரும்பகுதி ஈரத்தைப் பெற்றனர். தாகம் எடுப்பதே குறைவு. உலர் தீனி மட்டும் போட்டால் சிறுநீர் மிகவும் கெட்டியாகும். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும்.

5. குப்பைமேனி மயக்கம். வெளிநாட்டுக்காரர்கள் 'கேட்னிப்' என்று பொட்டலம் கட்டி விற்பதற்கு நம் ஊர் பதில் இது. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் மோந்து, நக்கி, அதன்மேல் புரளும். பூனைவணங்கி, மார்ச்சால மோகினி என்று அந்தச் செடிக்குப் பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கேட்னிப் வகைச் செடிகளைப் பற்றி 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒன்று காட்டினார்கள்: அவற்றில் புரண்ட பூனைகளின்மேல் கொசு குறைவாகவே உட்காருகிறது.

6. செத்த எலியைக் கொண்டுவந்து போடுவது. பரிசு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தாய்ப்பூனை குட்டிகளுக்கு இரை கொண்டுவரும் வழக்கத்தின் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். பத்திரமான இடத்துக்கு இரையைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும் திட்டிப் பயனில்லை, அதற்குப் புரியாது.

7. நோயை மறைப்பது. கூட்டமில்லாத விலங்கு பலவீனத்தைக் காட்டினால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள், எதிரிதான் வரும். அதனால் பூனைக்கு வலி என்றால் சத்தம் போடாது, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதைப் பார்த்துக் கவலைப்பட்டுப் பாரசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனம். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக எடைபோடுவதில்லை, இனத்தைப் பார்க்கிறது. சாதுவா, பழகியதா, பாசமாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில் நான்கு பட்டியல்கள் உள்ளன. முதல் இரண்டும் நம் நாட்டு விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்களுக்கு. வீட்டுப்பூனை எந்தப் பட்டியலிலும் இல்லை. பச்சைக்கிளி இருக்கிறது.

செய்தி படிக்கும்போது குழப்பும் இடங்கள் இவை:

1. வேட்டை என்ற சொல். துப்பாக்கியும் வேட்டைநாயும் மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, கூட்டிலிருந்து முட்டையை எடுப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்தவரும் அதில் அடக்கம்.

2. யாருடைய சொத்து. சட்டத்தை மீறிப் பிடித்து வைத்த காட்டு விலங்கு அரசின் சொத்து. அப்படி ஒன்று எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும்.

3. வெளிநாட்டு விலங்குகள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பச்சோணான் போல இருக்கும் இகுவானா, பந்து மலைப்பாம்பு போன்றவை நான்காம் பட்டியலில் வந்தால் பதிவு கட்டாயம். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரர் கொடுத்த ரசீது பதிவு ஆகாது.

4. மொட்டைமாடியில் தீனி வைப்பது. ஊறவைத்த அரிசிக்கு ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்திறங்கும் மொட்டைமாடிகள் சென்னையில் உண்டு. அது சிறைவைப்பு இல்லை. கிளி தானாக வருகிறது, தின்றுவிட்டுத் தானாகப் போகிறது. கூண்டுக் கதவைச் சாத்திய நொடியில்தான் விஷயம் மாறுகிறது.

அந்தச் சாரஸ் கொக்கு

2022 ஆகஸ்டில் அமேட்டி மாவட்டத்தில் வயலில் கால் முறிந்து கிடந்தது ஒரு சாரஸ் கொக்கு. பறக்கும் பறவைகளிலேயே உயரமானது, உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையும்கூட. ஒரு விவசாயி எடுத்துவந்து மருந்து போட்டார். குணமான பிறகும் அது போகவில்லை. அவர் பைக்கில் போனால் தலைக்கு மேலே கூடவே பறந்து வந்தது, அவர் தட்டிலேயே சாப்பிட்டது. வீடியோக்கள் பரவின. 2023 மார்ச்சில் வனத்துறை அதைச் சமஸ்பூர் பறவைகள் சரணாலயத்துக்குக் கொண்டுபோய், பிறகு கான்பூர் உயிரியல் பூங்காவுக்கு மாற்றியது. அடுத்த மாதம் அவர் பார்க்கப் போனபோது, கூண்டுக்குள் அது சிறகை விரித்துக் குதித்த காட்சியைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு.

சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருவரின் அன்பை விதிவிலக்காக்கினால், நாளை கண்ணி வைத்துப் பிடிக்கிறவரும் காயம்பட்டுக் கிடந்தது என்றுதான் சொல்வார். மனிதரைக் கண்டு பயப்படாத பறவை அடுத்த ஊரில் அடிபட்டுச் சாகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் இந்தப் பறவை கூண்டில் இருந்ததில்லை, வயலுக்கும் வீட்டுக்கும் தன் விருப்பப்படி பறந்துகொண்டிருந்தது. சுதந்திரம் கொடுக்கிறோம் என்று எடுத்துப்போய்க் கூண்டில் அடைத்ததைச் சட்டத்தின் பெயரால் நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. முதல் 48 மணி நேரத்தில் தகவல் போயிருந்தால், வனத்துறை மேற்பார்வையில் சிகிச்சை நடந்து, மனிதப் பழக்கம் ஒட்டாமலே திரும்பிப் போயிருக்கலாம். தாமதமான பிறகு நல்ல முடிவு என்று ஒன்று மிஞ்சவில்லை.

வாசலுக்கு வரும் விருந்தாளிகள்

காட்டு விலங்கோடு வாழ்வது என்றால் அதைத் தூக்கி வளர்ப்பது என்று பொருளில்லை. பலர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சென்னையில் பழைய வீட்டுப் பரணில் நள்ளிரவில் யாரோ நடப்பது போல் கேட்டால் அது பெரும்பாலும் மரநாய். நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனைக் குடும்பம். பழத்துக்கு அலையும், எலியையும் பிடிக்கும், மனிதரைக் கண்டால் ஓடும். துரும்பன் பூனை இன்னும் சுவாரஸ்யம்: உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று, எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது, இந்தியாவிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் மட்டும் இருப்பது. தென்னிந்தியாவில் வீட்டுக் கூரை இடுக்கில் குட்டி போட்டிருக்கிறது.

சிக்கல் வருவது கரும்பு வெட்டும்போது. கரும்புத் தோட்டத்திலும் புதரிலும் காட்டுப்பூனை குட்டி போடும். தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் ஆள் போனால் குட்டிகள் மட்டும் இருக்கும். "அநாதைக் குட்டி" என்று தூக்கிவந்து பால் புகட்டுவார்கள், அல்லது "சிறுத்தைக்குட்டி" என்று கூட்டம் கூடும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புக்குள் நிஜமாகவே சிறுத்தைக் குட்டிகள் கிடைக்கும். அங்கே வனத்துறையும் மீட்பு அமைப்பினரும் குட்டியை எடுத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிறது. ஆகவே குட்டியைக் கண்டால் செய்ய வேண்டியது குறைவு: தொடாமல் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்துவது, வனத்துறைக்குச் சொல்வது, இரவு வரை விடுவது. அணில்குட்டி மரத்தடியில் விழுந்து கிடந்தாலும் ஒரு சின்னப் பெட்டியில் அதே மரத்தடியில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால், பல நேரம் தாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது மட்டும் வேறு கதை. ஒருமுறை கையிலிருந்து வாங்கிய குரங்குக்கு, அடுத்து பை வைத்திருப்பவரெல்லாம் தீனிக்காரர்தான். கடி, நகக்கீறல் அங்கிருந்து தொடங்கும். குரங்கானாலும் பூனையானாலும் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

பெரிய விலங்குகளோடு இதையே திட்டமிட்டுச் செய்யும் ஊர் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடும் இடம் அது. எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று குறுஞ்செய்தி போகிறது, செல்போன் மூலம் இயக்கும் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. யானையை யாரும் பழக்கவில்லை. மனிதர்கள்தான் தங்கள் நடமாட்ட நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டுப்பூனை காட்டுக்குச் செய்வது

கோட்டின் மறுபக்கத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது, ஆட்களோடு பூனைகளும் போய்ச் சேர்ந்தன. அங்கே மட்டும் எஞ்சியிருந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னப் பறவை ஓரிரு ஆண்டுகளில் அழிந்தது. ஸ்காட்லாந்தில் காட்டுப்பூனை வேறு விதமாகக் கரைந்தது. வீட்டுப்பூனைகளோடு கலந்து கலந்து, தூய காட்டுப்பூனை காண்பதே அரிதாகிவிட்டது. 2023-இல் காப்பகத்தில் பிறந்தவற்றைக் காட்டில் விட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

பசி இல்லாவிட்டாலும் பூனை வேட்டையாடும், வயிறும் வேட்டையும் அதற்கு வேறு வேறு கணக்கு. காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ வீடு இருப்பவர்கள் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, குறைந்தது இரவிலாவது பூனையை உள்ளே வைத்துக்கொண்டால் பூனைக்கும் நல்லது, வெளியே இருப்பவற்றுக்கும் நல்லது. கதவைச் சாத்திய முதல் சில நாள் பிராண்டும், கத்தும். படுக்கப் போகுமுன் ஒரு கயிற்றையோ இறகையோ இழுத்துப் பதினைந்து நிமிடம் அதை ஓடவிட்டு, உடனே மீனோ கோழியோ வைத்துவிடுங்கள். வேட்டை முடிந்தது, தீனி ஆயிற்று. அப்புறம் உடம்பை நக்கிக்கொண்டு தூங்கப் போய்விடும், பெரும்பாலும் உங்கள் தலையணையில்.